பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்: ஹார்லன் எலிசனின் காமிக்ஸ் ஏலம் குறித்து ஒரு திறந்த மடல்

ஹார்லன் எலிசன், சூசன் எலிசன் பெயரிலுள்ள அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கும், மறைந்த எழுத்தாளர்களின் காமிக்ஸ் சேகரிப்புகளை ஏலத்துக்கு எடுக்கும் நிறுவனங்களில் பட்டியல் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹார்லன் எலிசனின் சொந்தக் காமிக்ஸை ஏலத்தில் விற்பது பற்றி இந்த மடல். விற்கக்கூடாது என்று கேட்க நாங்கள் வரவில்லை. எலிசன் 2018 ஜூன் 28 அன்று மறைந்தார். அவருடைய மனைவி சூசன் 2020இல் மறைந்தார். லாஸ் ஏஞ்சலஸின் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில் அவர்கள் வாழ்ந்த வீட்டைக் காப்பாற்றப் பணம் வேண்டும். கூரைக்கும் காப்பீட்டுக்கும் வரிக்கும் செலவழிக்க வழியில்லாமல் காமிக்ஸை மட்டும் கட்டிக் காத்துப் பயனில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பெட்டிகள் கலைவதற்கு முன், அந்தச் சேகரிப்பு முழுவதையும் ஒரே உடலாகப் பதிவு செய்துவிடுங்கள். விலை போகும் 200 இதழ்களை மட்டும் பதிந்தால் போதாது. ஒரு டாலருக்கும் போகாத இதழும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எலிசன் 1970இல் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பில் ஜார்ஜ் கார்ல்சன் என்ற ஓவியரைப் பற்றி எழுதினார். கார்ல்சன் வரைந்தது 1942இல் தொடங்கிய 'ஜிங்கிள் ஜாங்கிள் காமிக்ஸ்' என்ற சிறுவர் இதழில். இதழ் தொடங்கியபோது எலிசனுக்கு ஏழு வயது. அந்தக் கட்டுரை வந்த பிறகுதான் பலர் கார்ல்சனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சந்தைக் கணக்கில் அந்த இதழ்களுக்கு சூப்பர்மேன், பேட்மேன் இதழ்களுக்குள்ள மதிப்பு கிடையாது. பட்டியல் தயாரிப்பவர் நேரம் பார்த்து வேலை செய்தால், 'பல்வேறு சிறுவர் இதழ்கள், 1940கள், 30 பிரதி, நிலை கலவை' என்று ஒரே வரியில் முடித்துப் பெட்டியோடு விற்றுவிடுவார். அவர் மேல் தவறு சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த அளவுகோல் விலை மட்டும்தான். ஆனால் எலிசனின் அலமாரியில் 'ஜிங்கிள் ஜாங்கிள்' இருந்ததா, எத்தனை எண்கள் இருந்தன, எந்தப் பக்கம் மடக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் அந்த ஒரு வரியோடு மறைந்துபோகும். அதன் பிறகு எவராலும் மீட்க முடியாது.

நல்ல நிலையில் உள்ள பிரதி, இன்னார் வைத்திருந்த பிரதி என்று இரண்டு வகை உண்டு. காமிக்ஸ் சந்தை முதல் வகைக்குப் பழகியது. கொலராடோவைச் சேர்ந்த எட்கர் சர்ச் என்பவரின் வீட்டிலிருந்து 1977இல் வாங்கப்பட்டு 'மைல் ஹை' என்று பெயர் பெற்ற சேகரிப்பு அதற்குச் சிகரம்: வாங்கிய நாளில் அடுக்கி வைத்தது, காற்றும் வெளிச்சமும் படாதது, தாள் இன்றும் வெள்ளை. தரச்சான்று நிறுவனங்கள் 'பெடிகிரி' என்று தனிப்பெயர் கொடுப்பது இந்த மாதிரியான, ஒரே ஆள் கடையில் புதிதாக வாங்கி உயர்ந்த நிலையில் காத்த சேகரிப்புகளுக்கு. ஓர் எழுத்தாளரின் சேகரிப்பு பெரும்பாலும் அப்படி இருக்காது. அவர் படித்திருப்பார், படுத்துக்கொண்டு படித்திருப்பார், நண்பருக்குக் கொடுத்து வாங்கியிருப்பார். எலிசன் பைப் புகைப்பவர், அந்த வாசனை தாளில் ஏறியிருக்கலாம். முதல் வகைக்குரிய அளவுகோலை இரண்டாம் வகையின் மேல் வைத்தால் கிடைப்பது குறைந்த மதிப்பெண்ணும் குறைந்த விலையும்தான். அதைச் சரிசெய்யப் போய்த்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது.

எனவே முதல் வேண்டுகோள்: 'பிரெஸ்ஸிங்' செய்ய அவசரப்படாதீர்கள். ஈரப்பதம் ஏற்றி, வெப்பத் தகட்டின் கீழ் அழுத்தி மடிப்புகளை நீக்குவதைச் சந்தை பழுதுபார்ப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. 10க்கு 6.0 தர மதிப்பெண் வரும் பிரதி 7.0 ஆகலாம், விலை கூடும். ஆனால் நிறம் உடையாத மடிப்பும், பக்கத்தின் மூலையை மடக்கி வைத்த அடையாளமும் போவதும் இந்த அழுத்தத்தில்தான். அந்த மூலை மடிப்பு அவர் எங்கே நிறுத்தினார் என்பதற்குச் சாட்சி. அழுத்தியே ஆகவேண்டிய விலையுயர்ந்த இதழாக இருந்தால், முன்னும் பின்னும் படமெடுத்து, எந்தப் பக்கத்தில் எந்த மூலை மடிந்திருந்தது என்று எழுதிய பிறகு செய்யுங்கள். வாசனையைப் போக்க ஓசோன் கருவிக்குள் வைக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. ஓசோன் தாளின் நாரை ஆக்சிஜனேற்றி நொறுங்கச் செய்யும், மையின் நிறத்தையும் தின்னும். நல்ல காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் சில வாரம் திறந்த பெட்டியில் வைத்தாலே வாசனை பெருமளவு தணியும். மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

இனி வேலை நடக்க வேண்டிய வரிசை.

பெட்டியைத் தூக்குவதற்கு முன் அலமாரியைப் படமெடுங்கள். எந்த இதழுக்குப் பக்கத்தில் எந்த இதழ் நின்றது என்பதே ஒரு தகவல். எழுத்தாளர்கள் அகர வரிசையில் அடுக்குவது அபூர்வம். ஓவியர் வாரியாக, நண்பர் வாரியாக, எழுதிக்கொண்டிருந்த கட்டுரை வாரியாக அடுக்குவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண், ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், பெட்டிக்குள் முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு இதழுக்கும் ஓர் எண். மூன்றும் சேர்ந்ததே அந்தப் பிரதியின் நிரந்தர அடையாளம். ஏலத்தில் ஒன்றாக விற்கும் தொகுதிக்கு நிறுவனம் இடும் லாட் எண் வேறு, அது விற்பனைக்காக வருவது, விற்றதும் செத்துவிடும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

காமிக்ஸ் அடுக்கும் 'லாங் பாக்ஸ்' என்ற அட்டைப்பெட்டி ஏறத்தாழ 70 செ.மீ. நீளம். உறையும் அட்டையும் போட்ட இதழ்கள் 200 முதல் 250 வரை கொள்ளும். நிரம்பினால் 20 கிலோ சுற்றி எடை. பழைய அட்டைப்பெட்டியின் கைப்பிடித் துளையை நம்பித் தூக்கினால் அட்டை கிழிந்து, கீழே விழும் பெட்டியின் முதல் 20 இதழ்களின் முதுகு நசுங்கும். அடியில் கை கொடுத்து இருவராகத் தூக்க வேண்டும். பெட்டி பாதி காலியாக இருந்தால் இதழ்கள் சரிந்து வளைந்திருக்கும். அவற்றை நிமிர்த்தும்போது ஒரே நாளில் நேராக்க நினைக்காமல், இடைவெளியை அமிலமற்ற அட்டையால் அடைத்து விட்டுவிடலாம்.

இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் தட்டச்சு செய்ய. முன்னட்டை, பின்னட்டை, முதல் பக்கம், நடுப்பக்கம், குறியோ எழுத்தோ உள்ள பக்கங்கள் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டே போனால் ஒரு ஜோடி மணிக்கு 40 இதழ் முடிக்கலாம். அதற்கு மேல் வேகம் கூட்டினால் பக்கம் எண்ணுவது விடுபடும். ஐந்து பெட்டி, 1,200 இதழ் என்றால் 30 மணி நேரம், நான்கு வேலை நாள். இந்தச் செலவு பெரிதாகத் தோன்றலாம். ஒரே ஒரு நல்ல இதழை 'முழுமையானது' என்று தவறாக விற்றுத் திரும்ப வாங்க நேர்ந்தால் ஆகும் செலவு இதைவிடப் பெரிது.

பக்கம் எண்ணுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான். 1940களின் தொடக்கத்தில் வந்த இதழ்களில் பெரும்பாலானவை உள்ளே 64 பக்கம், அட்டையோடு 68. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் பக்கம் குறைந்துகொண்டே வந்து, 1950களில் உள்ளே 32, அட்டையோடு 36 என்று நிலைத்தது. தாள்கள் நடுவில் மடித்துக் கம்பிப் பின் அடிக்கப்பட்டவை, ஒரு தாள் என்றால் நான்கு பக்கம். 32 பக்கத்துக்கு எட்டுத் தாள், 64க்குப் பதினாறு. நடுத்தாள் ஒன்று கழன்று தொலைந்திருந்தால் கதை தொடர்ச்சி விட்டுப்போகும், ஆனால் அது விளம்பரமும் கடிதப் பக்கமுமாக அமைந்துவிட்டால் படித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணினால்தான் தெரியும். மார்வெல் இதழ்களில் 1974 முதல் சில ஆண்டுகள் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டும் 'வேல்யூ ஸ்டாம்ப்' அச்சிட்டார்கள். வுல்வரின் என்ற பாத்திரம் முதல்முறையாக முழுமையாகத் தோன்றும் 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் எண்ணில் அது இருக்கிறது. வெளியே அழகாக இருக்கும் பிரதியில் அந்தச் சிறு சதுரம் வெட்டப்பட்டிருந்தால் விலையில் பாதிக்கும் மேல் போகலாம். 1974 நவம்பர் எண் என்றால் கை தானாக அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பருத்திக் கையுறை படத்தில் அழகாக இருக்கும். நொறுங்கும் தாளின் ஓரத்தில் அதன் நூல் மாட்டிக் கிழிக்கும், விரலுக்குத் தாளின் உணர்வும் தெரியாது. கழுவி நன்கு உலர்த்திய வெறுங்கையே நல்லது. மேசையில் காப்பியும் தண்ணீரும் பந்துமுனைப் பேனாவும் வேண்டாம், பென்சில் போதும்.

இதழுக்குள்ளிருந்து விழும் பொருட்கள்தான் இந்தச் சேகரிப்பின் உயிர். ஆசிரியரின் கடிதம், ஓவியரின் வாழ்த்து, நாளிதழ்த் துண்டு, ரசீது, ஒட்டுச்சீட்டு. விழுந்ததை மேசையில் ஓரமாக வைத்து, மாலையில் மொத்தமாகப் பார்க்கலாம் என்று விட்டால் எது எதிலிருந்து விழுந்தது என்பது அன்றே போய்விடும். எந்த இரு பக்கங்களுக்கு இடையில் இருந்தது என்று அங்கேயே படமெடுத்து, இதழின் எண்ணோடு பக்க எண்ணையும் எழுதி, தனிப் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். நாளிதழ்த் துண்டை இதழுக்குள் திரும்ப வைக்காதீர்கள். அதன் அமிலம் எதிர்ப்பக்கத்தில் பழுப்பு நிழலாக இறங்கும், பெரும்பாலும் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதன் இடத்தில் அமிலமற்ற சீட்டு ஒன்றை வைத்து, 'இங்கே இருந்தது' என்று பென்சிலில் குறித்தால் போதும். துருப்பிடித்த ஜெம் கிளிப்பை இழுத்து எடுக்கக்கூடாது. கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய பாலியெஸ்டர் பட்டையை நுழைத்து, கிளிப்பைப் பட்டையின் மேல் விரித்துத் தூக்க வேண்டும். செல்லோடேப் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள், அது காகிதப் பாதுகாப்பு பயின்றவரின் வேலை.

கடிதங்களில் ஒரு சட்ட நுணுக்கம். காகிதம் அறக்கட்டளையின் சொத்து, விற்கலாம். ஆனால் அதிலுள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரியது. ஏல விளம்பரத்துக்காக முழுக் கடிதத்தையும் படிக்கும்படி வெளியிட்டால் உரிமைச் சிக்கல் வரும், உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கமும் கெடும். முகவரியை மறைத்து, கையெழுத்தும் தேதியும் தெரியுமளவு சிறு படம் போதும். முழுப் பிரதியை ஆய்வாளர்களுக்காக அறக்கட்டளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் எழுதுபவருக்கு எலிசனின் காமிக்ஸ் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். 1971இல் 'அவெஞ்சர்ஸ்' 88, 'இன்கிரெடிபிள் ஹல்க்' 140 ஆகிய இரண்டு எண்களிலும் அவருடைய கதைக்கருவை ராய் தாமஸ் திரைக்கதைபோல் விரித்து எழுதினார். முதலாவதை சால் பஸ்ஸெமாவும் இரண்டாவதை ஹெர்ப் டிரிம்பும் வரைந்தார்கள். 1986 அக்டோபர் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 567ஆம் எண்ணுக்கு அவர் எழுதிய பேட்மேன் கதையை ஜீன் கோலன் வரைந்தார். இவை எதுவும் அரிய இதழ்கள் அல்ல, நடுத்தர நிலைப் பிரதி எளிதில் கிடைக்கும். ஆனால் அவருடைய வீட்டுப் பிரதி என்பது ஆசிரியர் கையில் இருந்த பிரதி. அதில் வசனத்தைத் திருத்தி ஒரு வரி இருந்தாலும் அது வேறு பொருள். இந்த மூன்று எண்களும் எத்தனை பிரதி இருந்தாலும் ஒவ்வொன்றையும் தாள் தாளாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 1983இல் 'இன்கிரெடிபிள் ஹல்க்' 286ஆம் எண்ணில் வந்த கதை எலிசனின் பழைய கதையொன்றை ஒத்திருந்தது, அவர் பெயர் அதில் இல்லை. அன்றைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பின்னாளில் எழுதியபடி, எலிசன் பெருந்தொகை எதுவும் கேட்கவில்லை. கதைக்குரிய வழக்கமான தொகையும், பெயர் ஒப்புதலும், மார்வெல் வெளியிடும் எல்லா இதழ்களுக்கும் ஆயுட்காலச் சந்தாவும் கேட்டார். ஆயுட்காலச் சந்தா! இதைத் தெரிந்துகொண்டு பெட்டிகளைப் பார்த்தால் 1983க்குப் பிந்தைய மார்வெல் இதழ்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதற்கு விளக்கம் கிடைக்கும். அவர் தேடி வாங்கியவை எவை, வீடு தேடி வந்தவை எவை என்று பிரிக்கலாம். தபால் உறை, முகவரிச் சீட்டு, கட்டுக் கட்டாக வந்ததன் கயிற்றுத் தழும்பு எதையும் தூக்கி எறியாதீர்கள். அவற்றைக் குப்பை என்று ஒதுக்கினால் இந்த வேறுபாடு நிரந்தரமாகப் போய்விடும். ஒரு மனிதர் எதை விரும்பிப் படித்தார் என்ற கேள்விக்கு, வந்து குவிந்த இதழ்கள் தவறான பதில் சொல்லும்.

அதேபோல் 1974–75இல் மைக்கேல் ஃபிளைஷர் எழுதிய 'ஸ்பெக்டர்' கதைகள் வந்த 'அட்வென்சர் காமிக்ஸ்' எண்கள். அவற்றின் எழுத்தாளரைப் பற்றி எலிசன் ஒரு நேர்காணலில் சொன்னவை 1980இல் அச்சாகி, வழக்காகி, 1986இல் நடுவர் குழு எலிசன் தரப்புக்கு ஆதரவாக முடிவு சொன்னது வரை போயிற்று. காமிக்ஸ் விமர்சன வரலாற்றில் பெரிய வழக்கு அது. அந்த எண்களில் ஒரு குறிப்பு இருந்தால் அது ஆவணம். அவை ஏலத்துக்குப் போகாமல் அறக்கட்டளையிலோ ஒரு நூலகத்திலோ தங்குவதே முறை என்பது எங்கள் கருத்து.

இப்போது 'ஸ்லாப்' விஷயம். சி.ஜி.சி. என்ற தரச்சான்று நிறுவனம் 2000இல் வேலையைத் தொடங்கிய பிறகு, இதழைத் தரம் பார்த்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பேழையில் அடைத்து (இதுதான் 'ஸ்லாப்') விற்பது வழக்கமாகிவிட்டது. விலையுயர்ந்த இதழுக்கு இது நல்லதே. வாங்குபவருக்கு நம்பிக்கை, தபாலில் பாதுகாப்பு. லேபிளில் 'இன்னார் சேகரிப்பிலிருந்து' என்ற குறிப்பை ஏற்றவும் கேட்கலாம், கட்டாயம் கேளுங்கள். ஆனால் பேழைக்குள் போனபின் அட்டை மட்டும்தான் தெரியும். உள்ளே 14ஆம் பக்கத்து ஓரத்தில் எழுதிய வரி உடைத்தால் ஒழிய வெளியே வராது, உடைத்தால் மதிப்பெண் போயிற்று. அதனால் குறிப்புள்ள இதழைப் பேழையில் அடைக்கும் முன் உள்பக்கங்கள் எல்லாவற்றையும் 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்திருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து அழுத்தும் ஸ்கேனர் முதுகை உடைக்கும். 90 பாகைக்கு மேல் திறக்காதபடி தாங்கும் மெத்தையும் மேலிருந்து எடுக்கும் கேமராவும் வேண்டும்.

கையெழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சி.ஜி.சி.யின் மஞ்சள் லேபிள், அவர்களுடைய ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இட்ட கையெழுத்துக்கு உரியது. எலிசன் மறைந்துவிட்டதால் இனி அந்த வழி இல்லை. ஓர் ஓவியர் 1970களில் 'ஹார்லனுக்கு' என்று எழுதிக் கொடுத்த பிரதியைச் சாதாரணமாக அனுப்பினால், அந்த எழுத்து 'அட்டையில் பேனாவால் எழுதப்பட்டுள்ளது' என்று குறையாகக் கணக்கிடப்படவோ, குறையுள்ள பிரதிக்கான பச்சை லேபிளுக்குப் போகவோ வாய்ப்பு உண்டு. சேகரிப்பின் மிகச் சிறந்த பிரதி மிகப் பழுதான பிரதியாக வெளியே வரும். இத்தகைய பிரதிகளை ஸ்லாப் செய்யாமல், உரையோடும் படங்களோடும் தனி லாட்டாக, புத்தக, கையெழுத்துப் பிரதி ஏலப் பிரிவில் விற்கலாம். அங்கே வருபவர்களுக்கு அர்ப்பணிப்பு எழுதிய பிரதியின் அருமை தெரியும்.

சாதாரண இதழ்களின் கதை வேறு. 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் எண் 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது, இன்றும் சில டாலருக்குக் கிடைக்கும். இப்படிப்பட்டதைத் தரச்சான்றுக்கு அனுப்பினால் கட்டணம் விலையைவிட அதிகம். இவற்றை 250, 250 ஆகப் பெட்டியோடு மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். வியாபாரி பெட்டியைப் பிரித்துத் தன் சரக்கோடு கலந்துவிடுவார், எலிசன் என்ற பெயர் அன்றோடு தீர்ந்தது. மாற்று வழி உண்டு. 5 அல்லது 10 இதழாகச் சேர்த்து, நிலையான குறைந்த விலையில், சான்றுச் சீட்டோடு வாசகர்களுக்கு நேரடியாக விற்கலாம். பெரிய தொகைக்கு ஏலம் கேட்க முடியாத வாசகர் ஒருவர் தான் விரும்பிய எழுத்தாளரின் வீட்டிலிருந்து வந்த இதழைக் கையில் வைத்துப் படிக்கலாம். மொத்த விலையைவிட இதில் அறக்கட்டளைக்கு அதிகம் வரவே வாய்ப்பு. உறை போட, எழுத, அனுப்ப ஆள் வேண்டும் என்பது உண்மை. தன்னார்வலர்களைக் கேட்டால் வருவார்கள், எலிசனின் வாசகர்கள் அப்படிப்பட்டவர்கள்.

சான்றுச் சீட்டு என்றதும் ரப்பர் முத்திரையை எடுக்காதீர்கள். ஓவியர்களின் வாரிசுகள் ஓவியத்தின் பின்புறம் முத்திரை இடுவது வழக்கம். அதைப் பார்த்துக் காமிக்ஸிலும் குத்தினால் மை செய்தித்தாள் காகிதத்தில் பரவி மறுபக்கம் தெரியும். பசை தடவிய சீட்டும் கூடாது, பசை பழுத்துத் தாளைக் கறையாக்கும். சீட்டு தனியாக இருக்கட்டும், உறைக்குள் இதழைத் தாங்கும் அட்டையான பேக்கிங் போர்டுக்குப் பின்னால். எண்ணைப் போர்டில் மென்பென்சிலால் எழுதுங்கள். போர்டு 3 சதவீதம் கால்சியம் கார்பனேட் ஏற்றிய அமிலமற்ற வகையா என்று பார்த்து வாங்க வேண்டும், சாதாரண வெள்ளை அட்டை பத்தாண்டில் தானே அமிலமாகும். உறை, மதிப்புள்ளவற்றுக்கு 4 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு) தடிமனுள்ள பாலியெஸ்டர், மற்றவற்றுக்குப் பாலிப்ரொப்பிலீன். 1940களின் இதழ் அகலமானது. இன்றைய அளவு உறையில் திணித்தால் ஓரம் சுருளும். அதற்கென்று 'கோல்டன் ஏஜ்' அளவு தனியாக விற்கிறார்கள்.

தனிச் சீட்டில் ஓர் ஓட்டை இருப்பதும் எங்களுக்குத் தெரியும். சீட்டை எடுத்து வேறு நல்ல பிரதியோடு சேர்த்து விற்கும் ஏமாற்று நடக்கும். அதற்கு மருந்து, பிரதியின் கைரேகையைப் பதிவதுதான். கம்பிப் பின் எந்த உயரத்தில் எவ்வளவு சாய்ந்து அடிக்கப்பட்டிருக்கிறது, அட்டை எத்தனை மி.மீ. விலகி வெட்டப்பட்டிருக்கிறது, எந்த மூலையில் எவ்வளவு கிழிசல், கடைக்காரர் இட்ட தேதி முத்திரை எங்கே என்பவை ஒவ்வொரு பிரதிக்கும் வேறுபடும். இரு அட்டைகளின் தெளிவான படம் இருந்தால் 30 ஆண்டு கழித்தும், 'இது அந்தப் பிரதிதான்' என்று சொல்லலாம். மணிக்கு 40 இதழ் என்று மேலே சொன்ன கணக்கில் இந்தப் படங்களும் அடக்கம், தனிச் செலவில்லை. பேழைக்குள் போகும் இதழானால் சான்று எண்ணையும் அந்த வரியில் சேர்த்துவிடுங்கள்.

பூச்சி பற்றியும் சொல்லிவிடுகிறோம். வெள்ளிப்பூச்சி அரித்த அடையாளமோ எச்சமோ கண்டால் அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, −20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறைய வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் நீர் கோக்கும். ஒரு நாள் முழுவதும் மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். பூஞ்சைக்கு இது தீர்வாகாது. குளிரில் அது தூங்கும், சாகாது. பூஞ்சை கண்டால் நிபுணரை அழையுங்கள். காத்திருக்கும் அறையில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள், வெப்பம் 21 டிகிரிக்குக் கீழ். கார் நிறுத்தும் கொட்டகையில் பெட்டிகளை 'இரண்டே வாரம்' வைப்பதைப் போல் காமிக்ஸைக் கெடுத்த பழக்கம் வேறில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கோடையில் அங்கே ஒரு நாளில் ஏறி இறங்கும் வெப்பம் தாளுக்குப் பல மாத வயதைக் கூட்டும்.

எது தங்க வேண்டும், எது போகலாம் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. இன்னோர் அறிவியல் புனைகதை எழுத்தாளரான ரே பிராட்பரி 2012 ஜூனில் மறைந்தார். சிறுவயதில், 1929இல், 'பக் ராஜர்ஸ்' படக்கதைத் துண்டுகளை நாளிதழிலிருந்து வெட்டிச் சேர்த்தவர், தோழர்கள் கேலி செய்ததால் கிழித்துப்போட்டு, பின்பு வருந்தி மறுபடியும் சேர்க்கத் தொடங்கியவர். அவருடைய புத்தகங்கள் பிறந்த ஊரான வாக்கீகன் பொது நூலகத்துக்குச் சென்றன. அலுவலகப் பொருட்களும் தாள்களும் இண்டியானாபொலிஸில் அவர் பெயரிலுள்ள ஆய்வு மையத்துக்கு. ஓவியங்களும் நினைவுப் பொருட்களும் 2014 செப்டம்பரில் ஏலம் போயின. எல்லாம் ஒரே இடத்தில் இல்லைதான், ஆனால் பிரிப்பில் ஒரு முறை இருக்கிறது. அவருடைய இரு கதைகளை இணைத்து ஈ.சி. என்ற காமிக்ஸ் நிறுவனம் அனுமதியின்றி 1952இல் 'வியர்ட் ஃபேன்டசி' 13ஆம் எண்ணில் வெளியிட, 50 டாலர் உரிமைத்தொகையை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் என்று பிராட்பரி மென்மையாக எழுதினார், பணமும் வந்தது, உறவும் வளர்ந்தது. அந்த எண்ணின் பிரதி ஒன்றும் அந்தக் கடிதமும் தனித்தனிக் கைகளுக்குப் போனால் இந்த வரலாற்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. பொருளும் தாளும் சேர்ந்து நிற்க வேண்டிய இடங்கள் உண்டு, பட்டியல் தயாரிப்பவர் அவற்றை முன்கூட்டியே கொடி நட்டுக் காட்ட வேண்டும்.

அதற்குப் பொருத்தமான நூலகங்கள் அமெரிக்காவிலேயே இருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஈட்டன் தொகுப்பு அறிவியல் புனைகதைக்கென்றே உள்ளது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து நூலகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் காமிக்ஸுக்குப் பேர்போனவை. 1940கள் இதழ்களில் அவர்களிடம் இல்லாதது சிலவே இருக்கும், பிரதியாக வாங்க அவர்களுக்கு அவசியமிராது. குறிப்பெழுதிய இதழ்களும் உள்ளிருந்து விழுந்த தாள்களும் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாகச் சில குறிப்பான கோரிக்கைகள். முழுப் பட்டியலை முதல் ஏலத்துக்கு 60 நாள் முன்பாவது, தேடக்கூடிய அட்டவணைக் கோப்பாக வெளியிடுங்கள்: நிரந்தர எண், இதழ், தேதி, பெட்டியில் நின்ற இடம், பக்க எண்ணிக்கை, குறிப்பு உண்டா இல்லையா, உள்ளிருந்த பொருள், இரு படம். விலை மதிப்பீட்டை அதில் போட வேண்டியதில்லை. அந்த 60 நாளில் உலகமெங்குமுள்ள வாசகர்கள் பட்டியலைப் படித்து, நீங்கள் தவறவிட்ட தொடர்புகளைச் சொல்வார்கள், அதன்படி சில லாட்டுகளை மாற்றிச் சேர்க்க அவகாசம் வையுங்கள். இந்த உரிமையை ஏல நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கையெழுத்துக்குப் பின் கேட்டால் அச்சடித்த பட்டியலைக் காட்டி முடியாது என்பார்கள். படங்களின் உரிமையும் அப்படித்தான். நிறுவனம் எடுக்கும் படங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று வழக்கமான படிவத்தில் இருக்கும், அறக்கட்டளைக்கு ஒரு முழுப் பிரதி என்ற வரியைச் சேருங்கள். வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணம் 20 சதவீதம் சுற்றி இருக்கும்போது, விற்பவரின் கமிஷனைக் குறைத்து அந்தத் தொகையைப் படமெடுக்கும் வேலைக்குத் திருப்பும்படி பேரம் பேசலாம். இத்தனை பெயருள்ள சேகரிப்புக்கு இணங்குவார்கள்.

விற்றுப்போன பிறகு ஒவ்வொரு வரியிலும் விற்ற தேதி, தொகை, லாட் எண் மூன்றையும் சேர்த்து அதே கோப்பை மீண்டும் வெளியிடுங்கள். வாங்கியவர் பெயர் வேண்டாம். விரும்பும் வாங்குபவர் பின்னாளில் தன்னிடமுள்ள எண்ணைத் தானே பதிந்துகொள்ள ஒரு வழி மட்டும் திறந்திருக்கட்டும். ஏற்கெனவே விற்றவை ஏதும் இருந்தால் அவற்றுக்கும் ஏல நிறுவனத்திடம் பழைய படங்கள் இருக்கும், கேட்டு வாங்கி அந்தக் கோப்பில் முதலில் சேருங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
தமிழில் காமிக்ஸ் படித்துச் சேகரித்து வரும் வாசகர்கள்